தேநீர் வேலைநிறுத்தம், 1927

இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம் செய்திகள் கிடைத்திருப்பதாகக் கணினி சொன்னது. டங்கன் டோல்மிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

முதல் செய்தியைத் திறந்தார். சீட்டாட்டத்தில் கையில் ஒன்றும் இல்லாமலே எதிராளியை மிரட்டுவது எப்படி என்று அமெரிக்காவிலிருந்து யாரோ எழுதியிருந்தார். இரண்டாவது, ஒரு கிரிக்கெட்காரரின் ஸ்டிரைக் ரேட் பற்றியது. மூன்றாவதில் மின்னல் தாக்கி ஒரு பசு செத்துப்போயிருந்தது.

அவர் தட்டியது 'ப்ளஃப் ஸ்டிரைக்' என்ற இரண்டே சொற்கள். ப்ளஃப், தெற்குத் தீவின் கடைக்கோடியில் இருக்கும் துறைமுகம். தேநீரில் பால் ஊற்றவில்லை என்பதற்காக அங்கே 1927-இல் கப்பல் கூலிகள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ப்ளஃப் ஒரு ஊர் என்பதை அந்தத் தேடல் பெட்டிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருந்தது.

டோல்மி பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளர். வயது அறுபத்து மூன்று, செம்பட்டைத் தாடி. நூலகத்தின் இணையத் தரவுத்தளங்களில் தேடி, அந்தத் தேநீர் வேலைநிறுத்தம் பற்றி அக்கால நாளிதழ்களில் வந்த மூன்று செய்திகளைப் பக்க எண்ணோடு கொண்டுவர வேண்டும் என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பதினொரு ஆண்டுகளாக வேலை கொடுத்துவந்தார். அவர் மட்டும் அந்தத் தரவுத்தளத்தை இன்று செவ்வாய்க்கிழமை காலையில்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறந்தார். அவர் காலத்தில் எல்லாம் மைக்ரோபிலிம் சுருள். அந்தச் சுருள்கள் இருந்த அறை இப்போது காபிக் கடை.

வினை ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்தது. செமிசி லெமாலு என்ற சமோவா மாணவன், நான்கு நாளாகத் தேடியும் ஒரு செய்திகூடக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தான். டோல்மி சூடாகவே பதில் அனுப்பினார்: 'எல்லாருக்கும் கிடைப்பது உனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் குறை தரவுத்தளத்தில் இல்லை. சோம்பேறித்தனத்துக்கு அவகாசம் தர முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.'

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. 'மன்னித்துக்கொள்ளுங்கள் சார். புதன்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் அறைக்கு வருகிறேன். ஒரே ஒரு செய்தியை எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுங்கள், போதும். மீதி இரண்டையும் நானே தேடிக்கொள்கிறேன்' என்று எழுதி, கீழே பெயரும் மாணவர் எண்ணும் போட்டிருந்தான்.

மரியாதையாகக் கேட்டுவிட்டான். அதுதான் டோல்மிக்குத் தாங்கவில்லை.

திரையின் இடது பக்கத்தில் வரிசையாகக் குட்டிக் கட்டங்கள் இருந்தன. தேவையில்லாததை வடிகட்டலாம் என்று போட்டிருந்தது. நாளிதழ் என்பதில் ஒரு டிக் போட்டார். எண்பதாயிரம். முழு வடிவம் என்பதில் ஒன்று. ஆறாயிரம். உற்சாகம் வந்துவிட்டது. கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரே ஒரு செய்தி மிஞ்சியது. ஆவலோடு திறந்தார். அது நார்வே மொழியில் இருந்தது. படத்தில் ஒரு திமிங்கிலம்.

டிக்குகளை எடுத்துப் பார்த்தார். செய்தி போய்விட்டது, நார்வே மொழி போகவில்லை. இப்போது பொத்தான்களும் நார்வே மொழி பேசின.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"ரோனா, கம்ப்யூட்டர் நார்வே பாஷைக்கு மாறிடுச்சு. என்ன பண்றது?"

"நூலகத்துல போய்க் கேளுங்க," என்றாள் மனைவி.

"எப்படிக் கேட்பேன்? பதினொரு வருஷமா நான் குடுக்கிற வேலை அது! எனக்கே தெரியாதுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்போ நார்வே பாஷை கத்துக்குங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

கணினியை அணைத்து மறுபடி போட்டதும் நல்லவேளையாகப் பழைய மொழி திரும்பி வந்தது. கூடவே மூலையில் ஒரு சின்னச் சதுரமும் துள்ளியது. 'நூலக உதவி. நீங்கள் மாணவரா, ஆசிரியரா?'

டோல்மி சற்று யோசித்தார். அறிவு என்று வந்துவிட்டால் யார்தான் மாணவர் இல்லை? 'மாணவர்' என்பதைத் தட்டினார்.

'மாணவர் எண்?'

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எதிரே மின்னஞ்சலில் ஒரு எண் இருந்தது. அதை அப்படியே அடித்துவிட்டார்.

'வணக்கம் செமிசி! முதலில் உங்கள் கணக்கில் நுழையுங்கள்.'

கடவுச்சொல் கேட்டது. தம்முடைய கடவுச்சொல்லைப் போட்டார். தவறு என்றது. அழுத்தமாகத் தட்டினார். தவறு. ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். திரை சிவந்தது.

'பாதுகாப்புக் கருதி உங்கள் கணக்கைப் பூட்டியிருக்கிறோம், செமிசி. தானாகத் திறக்க ஐந்து நாள் ஆகும். அவசரம் என்றால் இன்று இரண்டு மணிக்கு நேரில் வாருங்கள். மாசினா உங்களைச் சந்திப்பார்.'

ஐந்து நாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று தாமே எழுதிய வரி டோல்மியின் கண்முன் வந்து நின்றது. தேடத் தெரியாத பையனுக்கு உதவி செய்யப்போய், அவன் தேடவே முடியாதபடி கதவைச் சாத்தியாயிற்று.

இரண்டு மணிக்குக் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார். உள்ளதை உள்ளபடி சொல்லி, பையனுடைய கணக்கைத் திறந்துவிடச் சொல்வதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் உதவி மேசைக்கு மூன்றடி தள்ளி, அவருடைய வகுப்பு மாணவிகள் இரண்டு பேர் சீஸ் ரோல் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் தலை நிமிர்ந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காதில் வெள்ளைப் பூ, சட்டையில் 'மாசினா' என்ற பட்டை.

"செமிசி லெமாலு?"

மாணவிகளில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் டோல்மி, தொப்பிக்குள்ளிருந்து.

மாசினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தாடியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, "தாலோஃபா!" என்றாள்.

"தாலோஃபா," என்றார் அவரும். சமோவாக்காரர்களின் வணக்கம் அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பெண் சமோவா மொழியில் மடைதிறந்தாற்போல் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டினாள், நெஞ்சைத் தொட்டாள், பெருமூச்சு விட்டாள். டோல்மிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தமக்குத் தெரிந்த இன்னொரு சொல்லையும் எடுத்து விட்டார்.

"ஃபாஃபெதாய்."

மாசினாவின் முகம் மாறியது. "எங்க சித்தப்பா போன மாசம் தவறிட்டார்னு சொன்னேன். அதுக்கு நன்றிங்கறீங்க?"

"ஐயோ, மன்னிச்சுக்கோம்மா! எனக்கு மொழி அவ்வளவா வராது. பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேயே."

"அதனால என்ன மாமா, வரும்போது வரும். உங்களுக்கு எந்த ஊரு?"

"அபியா." சமோவாவின் தலைநகரம் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"அபியான்னு எல்லாருந்தான் சொல்வாங்க. சொந்த ஊரு?"

"அதுக்குப் பக்கத்துலதான்."

"கடல் பக்கமா, மலைப் பக்கமா?"

"நடுவுல."

"அட, எங்க அம்மாவுக்கும் நடுவுலதான்! லெமாலு குடும்பத்துல நீங்க யாரு மகன்?"

"அம்மா வழி," என்றார் டோல்மி. நெற்றியில் கம்பளி அரித்தது.

"அம்மா பேரு?"

ஒரு பெண் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ரோனா," என்றார்.

"ரோனா பாட்டி!" மாசினா மேசையைத் தட்டினாள். "அப்போ நீங்க எனக்கு மாமா முறையேதான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வரீங்க. சேப்பங்கிழங்கு, தேங்காப்பால் விட்ட கீரை, கோழி, எல்லாம் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் நீங்கதான் சொல்லணும், பெரியவரு."

"சமோவா மொழியிலயா?"

"பின்னே என்ன நார்வே மொழியிலயா?"

டோல்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள் போலும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடையாள அட்டை கொண்டு வந்தீங்களா மாமா?"

"மறந்துட்டேன்."

"போகுது, குடும்பந்தானே. ஆனா ஒண்ணு இடிக்குது. இங்கே உங்க வயசு பத்தொன்பதுன்னு போட்டிருக்கு."

டோல்மிக்கு, பையன் அதிகாலையில் மீன் கொட்டகையில் வேலை செய்வதாக முதல் மின்னஞ்சலில் எழுதியது ஞாபகம் வந்தது. "மீன் கொட்டகையில வேலைம்மா," என்றார். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஐஸுக்குள்ள நிக்கணும். முகத்துல அடிச்சுடும்."

"பாவம்," என்றாள் மாசினா. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேசைக்கு அடியில் எதையோ தேடினாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அனுதாபம் என்று டோல்மி நினைத்தார்.

"கணக்கு திறக்கிறவரைக்கும் என் மெஷின்லயே தேடலாம். என்ன வேணும் மாமா?"

அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். மாசினா ஒரு விநாடி அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உக்காருங்க," என்றாள்.

அடுத்த பத்து நிமிடத்தில் டோல்மி அதுவரை அறியாததெல்லாம் அறிந்தார். சேர்ந்து வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் சீட்டாட்டமும் மின்னலும் ஒழிந்துபோயின. ஆண்டைக் குறித்துக் கொடுத்தால் கிரிக்கெட் போனது. அந்தக் காலத்து நிருபர் 'வேலைநிறுத்தம்' என்றே எழுதியிருக்க வேண்டியதில்லை. 'தகராறு', 'கூலிகள் பிடிவாதம்', 'துறைமுகத்தில் அமைதியின்மை' என்றெல்லாம் மாற்றி மாற்றித் தேட வேண்டும். அவருக்குப் புல்லரித்தது. எவ்வளவு அழகான வேலை இது! இதையா முப்பது வருடம் தள்ளிவைத்தோம்?

ஒரே குறை, ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படித் தேடினாலும் சைபர்.

"வேற மாதிரி போட்டுப் பாரும்மா."

"போட்டாச்சு மாமா. 1927-ல ப்ளஃப் துறைமுகத்துல ஒரு தடவை ஆட்டுக்கம்பளி மூட்டை தண்ணில விழுந்திருக்கு. அவ்வளவுதான் விசேஷம்."

அப்போது மேசைக்கு முன்னால் வெளிச்சம் மறைந்தது. கதவளவு அகலமான ஒரு பையன் வந்து நின்றான். ரப்பர் பூட்ஸ், மீன் வாடை.

"அக்கா, என் கணக்கை யாரோ பூட்டிட்டாங்க. மெயில் வந்துச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வேலை முடிக்கணும்."

"பேரு?"

"செமிசி லெமாலு."

மாசினா பையனைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். "இன்னைக்கு நீங்க ரெண்டாவது ஆளு," என்றாள்.

பையன் குனிந்து தொப்பிக்கு அடியில் பார்த்தான்.

"டோல்மி சார்?"

சீஸ் ரோல் மாணவிகள் இரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

டோல்மி தொப்பியைக் கழற்றினார். இதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. "உன் கணக்கைப் பூட்டினது நான்தான்ப்பா. எனக்கு இதுல தேடத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, உன் பேரைச் சொல்லி வந்து உக்காந்தேன். ஞாயித்துக்கிழமை ஜெபம் சொல்றதாக்கூட ஒத்துக்கிட்டேன்."

செமிசி புரியாமல் நின்றான். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவன் முகத்துக்கே தெரியவில்லை.

"நான் வேலை முடிச்சு வந்து தினம் நாலு மணி நேரம் தேடினேன் சார்," என்றான் கடைசியில். "நீங்க சோம்பேறின்னு எழுதினதை எங்கம்மாகிட்டக் காட்டல. இந்தப் பாடத்துல ஃபெயிலாயிட்டா உதவித்தொகை நின்னுடும்."

டோல்மிக்குச் சீட்டாட்டமும் நார்வேத் திமிங்கிலமும் கொடுத்த குழப்பமெல்லாம் இந்த ஒரு வரிக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. "அந்த வார்த்தை தப்பு," என்றார். "எழுதியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடு."

"பரவால்ல சார்," என்றான் செமிசி, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாசினா இதற்குள் விசைப்பலகையை இழுத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். "ஆண்டை எடுத்துட்டுத் தேடிப் பாக்கலாம், சார்," என்றாள். ப்ளஃப், கூலிகள், தேநீர், பால் என்று நான்கே சொற்கள் தட்டினாள். திரையில் சட்டென்று ஏழு செய்திகள் வந்து நின்றன.

டோல்மி துள்ளினார். "இருக்கு! இதோ! ஒன்பது நாள், பால் இல்லாத தேநீர், எல்லாம் இருக்கு!"

"இருக்கு சார்," என்றாள் மாசினா. "ஆனா தேதியைப் பாருங்க."

ஏழும் 1921.

"இருபத்தேழு இல்லையா?"

"இருபத்தொண்ணு. 1927-ல அவங்க பால் ஊத்தின தேநீரைக் குடிச்சுட்டு ஒழுங்கா வேலை பாத்திருக்காங்க."

டோல்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறமும் அது 1921-ஆகவே இருந்தது. தாம் கையால் எழுதிக் கொடுத்த தாளை, பதினொரு ஆண்டுக்கு முன் துறை அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்தார்கள். அவருடைய ஒன்றுக்கு ஒரு கொக்கியும் வாலும் உண்டு. பார்த்தால் ஏழு மாதிரியே இருக்கும். தட்டச்சாகி வந்த தாளை அவர் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

"அப்போ நான் தேடினது தப்பில்லையா சார்?" என்றான் செமிசி.

"தப்பே இல்லை. இல்லாததை இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கே. உனக்குத்தான் இந்த வருஷம் முதல் மதிப்பெண்."

பையனுடைய முகம் முழுக்கப் பல் தெரிந்தது. "இப்பவே அம்மாவுக்குப் போன் பண்றேன்," என்று ஓடினான். ரப்பர் பூட்ஸ் தரையில் சத்தம் போட்டது.

டோல்மியும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் ஏதோ உறைத்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு. 1927-ல நடக்கவே இல்லைன்னா... பதினொரு வருஷமா ஆளுக்கு மூணு செய்தி கொண்டுவந்து குடுத்தாங்களே! அது எல்லாம் எங்கேருந்து வந்துச்சு? பேப்பர் பேரு, 1927-ன்னு தேதி, பக்கம், பத்தி, எல்லாம் போட்டு! நூத்துக்கணக்குல பசங்க! ஒருத்திகூட, ஒருத்தன்கூட, 'கிடைக்கலை சார்'னு வந்து நிக்கலையே!"

மாசினா கணினியை அணைத்தாள்.

"ஒரு பொண்ணு, கெட்டிலைத் தூக்கிக் கடல்ல வீசின கிழவரோட பேட்டின்னு ஒண்ணு கொண்டுவந்தா தெரியுமா? 'எங்க உழைப்புக்கு ஒரு கரண்டி பால்கூடப் பெறாதா'ன்னு அந்தக் கிழவர் கேட்பார். படிச்சுட்டு நான் அழுதேன்! வருஷா வருஷம் முதல் வகுப்புல அதை வாசிச்சுத்தான் பாடத்தையே ஆரம்பிக்கிறேன்! கூசாம இப்படி ஒரு பொய்யை உக்காந்து எழுத எந்தப் பொண்ணுக்கு மனசு வரும்?"

மாசினா எழுந்து, காதிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்குத்தான் சார். ஏ-பிளஸ் போட்டீங்களே."